ஐந்து ஆறு தாண்டி

முதல் நாள் – 14.01.2025, செவ்வாய்

பொங்கலும் அதுவுமாக வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்புகிறவர்களை எங்கள் கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு மாதிரிதான் பார்ப்பார்கள். நேற்று சாயங்காலம் வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ வைத்துக் காப்புக் கட்டி முடித்த கையோடு அத்தை துணிப்பையை எடுத்து வைத்தார்கள். பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்து, "நோம்பி நாள்ல எங்கீங்க்கா கெளம்பிட்டீங்க?" என்றார். "திருவையாத்துக்கு." "அடடா, யாருக்குங்க ஒடம்பு சரியில்ல?" என்று கேட்டாரே பார்க்கணும்.

அத்தைக்கு 67 வயது. என் அப்பாவின் அக்கா. கல்யாணத்துக்கு முன்னால் ஊருக்கு வாரம் இருமுறை வந்துபோன ஒரு பாட்டு வாத்தியாரிடம் தியாகராஜரின் பஞ்சரத்தினக் கிருதிகளில் நாலைப் பாடம் பண்ணியவர். நாட்டை, கௌளை, ஆரபி, ஸ்ரீ. மீதி ஒன்றான வராளியை வாத்தியார் சொல்லித்தரவில்லை. குருவும் சிஷ்யையும் எதிரெதிரே உட்கார்ந்து வராளி பாடம் பண்ணினால் இரண்டு பேருக்கும் ஆகாது என்று சங்கீதக்காரர்களிடையே ஒரு நம்பிக்கை உண்டு. அதை அத்தை கற்றது ரேடியோவில். தியாகராஜர் நினைவாகத் திருவையாற்றில் நடக்கும் ஆராதனையை வானொலி நேரடியாக ஒலிபரப்பும் அந்த ஒரு நாள் மட்டும் அடுப்பைத் தணித்து வைத்துவிட்டு சமையல்கட்டில் நின்றுகொண்டே கேட்பார்கள். வருஷத்துக்கு ஒரு தரம், பத்து நிமிஷம். அப்படிச் சேர்த்த வராளி அது. "ஒருக்கா நேர்ல போலாமா" என்று கேட்டால் மாமா "அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்பார். மாமா போய் இரண்டு வருஷம் ஆகிறது.

ஆராதனை, தியாகராஜர் சித்தியான திதியான புஷ்ய பகுள பஞ்சமியில் வருவது. திதிக் கணக்கு என்பதால் சில வருஷம் பொங்கலுக்கு முன்பே முடிந்துவிடும், சில வருஷம் மாதக் கடைசிக்குப் போய்விடும். இந்த வருஷம் 18ஆம் தேதி சனிக்கிழமை. பொங்கலுக்கு வந்து, மாட்டுப் பொங்கலைப் பெரிய கோயிலில் பார்த்து, அப்படியே ஆராதனையும் கேட்டுவிட்டுத் திரும்பலாம் என்று திட்டம்.

ஈரோட்டில் ஏறி திருச்சியில் மாறி, தஞ்சாவூர் வந்து சேர மதியம் இரண்டு மணி. முன்பணம் கட்டி வைத்திருந்த விடுதியில் எங்கள் அறையில் வேறு யாரோ துணி காயப்போட்டிருந்தார்கள். "கணக்குல ஏதோ தப்பு நடந்துருச்சுங்க" என்றார் வரவேற்பில் இருந்த பையன். அவனைத் திட்டி என்ன? நாலு தெரு அலைந்து, இரண்டாம் மாடியில், மின்தூக்கி இல்லாத ஒரு இடத்தில் அறை கிடைத்தது. அத்தை படியேறி வந்து கட்டிலில் உட்கார்ந்து சொன்ன முதல் வார்த்தை: "ஜன்னல் இருக்குது. போதும்."

சாயங்காலம் மேலவீதியில் நடந்தோம். வாசலுக்கு வாசல் கோலம். காலையில் போட்டது பாதி அழிந்து, அதன்மேல் கரும்புச் சக்கை. கோலத்தின் நடுவே காவிக்கட்டியால் பட்டை இழுத்திருந்த வீடுகளை அத்தை தனியாக நின்று பார்த்தார்கள். சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்று தஞ்சை நால்வர் வாழ்ந்த வீடும் இந்த வீதியில்தான். இன்றைக்குப் பரதநாட்டியக் கச்சேரி அலாரிப்பில் தொடங்கித் தில்லானாவில் முடிகிறதென்றால் அந்த வரிசை இரண்டாம் சரபோஜி காலத்தில் இந்த நாலு அண்ணன் தம்பிகள் கட்டி வைத்தது. வீதியில் இப்போது பாத்திரக்கடை, கைப்பேசிக் கடை, ஒரு பரோட்டாக் கடை. நேரத்துக்குப் பசித்தது. பரோட்டாக் கடைக்குள் நுழைந்தோம்.

இரண்டாம் நாள் – 15.01.2025, புதன்

மாட்டுப் பொங்கல். பெரிய கோயில்.

காலையிலேயே வரிசை கேரளாந்தகன் வாசலுக்கு வெளியே வந்துவிட்டது. உள்ளே போய்ச் சேர ஒரு மணி நேரம். ராஜராஜன் வைத்த நந்தியை இதற்கு முன் இரண்டு முறை பார்த்திருக்கிறேன். இன்றைக்கு அடையாளமே தெரியவில்லை. பன்னிரண்டு அடி உயரக் கருங்கல் காளை மேல் கல்லே தெரியாதபடி காய்கறி. கழுத்தில் கேரட் சரம், அதன் கீழே முள்ளங்கிச் சரம், திமிலை ஒட்டிப் புடலங்காய், விலாவில் கத்தரிக்காயும் வாழைக்காயும் மாற்றி மாற்றி. நெற்றியருகே முறுக்கு, ஜாங்கிரி, அதிரசம். எல்லாம் இரண்டு டன் தேறும் என்று பக்கத்தில் நின்றவர் சொன்னார். எடை போட்டுப் பார்த்ததுபோல அவ்வளவு உறுதி.

நான் பார்த்துக்கொண்டிருந்தது கட்டிய விதத்தை. ஒவ்வொரு கத்தரிக்காயும் காம்பில் முடிச்சுப் போட்டது. காயைக் குத்தவில்லை. குத்தினால் மதியத்துக்குள் கறுத்துவிடும். கேரட்டுக்கு மட்டும் தலைப்பக்கம் ஊசி ஓட்டியிருந்தார்கள். பூக்கட்டுகிற கைதான் இதைச் செய்திருக்க முடியும். நூலில் இடைவெளி ஒரே அளவு.

நந்திக்கு எதிரே பசுக்களை நிறுத்திக் கோபூஜை. நூற்றெட்டு என்று கணக்கு. ஒரு கன்று மட்டும் மாலையைத் தின்றுவிட்டு அடுத்த பசுவின் மாலைக்கு எட்டிக்கொண்டிருந்தது. அத்தை எங்கள் ஊர்ப் பட்டிப் பொங்கலைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். அங்கே பட்டிக்குள் சாணியில் தெப்பக்குளம் கட்டி, நீர் ஊற்றி, கன்றை மிதிக்க விடுவோம். "இங்க மாட்டுக்குச் சாமி வந்து பொங்கல் வெக்குது, நம்மூர்ல மாடே சாமி" என்றார்கள். எனக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் பட்டது. வாயைத் திறக்கவில்லை.

பூஜை முடிந்ததும் அலங்காரத்தைக் கலைத்துக் கூட்டத்துக்கே பிரித்துக் கொடுத்தார்கள். நெரிசலில் நான் ஒதுங்கிக்கொண்டேன். அத்தை முந்தானையை ஏந்திக்கொண்டு போய் நாலு கத்தரிக்காய், ஒரு முள்ளங்கியுடன் வந்தார்கள். விடுதியில் அடுப்பு கிடையாது என்று சொன்னேன். "நந்தி போட்டதை வேண்டாங்கச் சொல்றியா?" கத்தரிக்காய் பைக்குள் போயிற்று.

கூட்டம் கரைந்த பிறகு மதில் பக்கம் நிழலில் உட்கார்ந்தோம். இந்தக் கோயில் சுவர் பூராவும் எழுத்து. 1010இல் முடிந்த கோயிலுக்கு யார் என்ன கொடுத்தார், யாருக்கு என்ன சம்பளம் என்று கல்லில் கணக்கு. அதில் எனக்கு மிகவும் பிடித்தது தளிச்சேரிப் பெண்டுகள் கல்வெட்டு. சோழநாட்டுக் கோயில்கள் பலவற்றிலிருந்து 400 ஆடல்மகளிரைக் கொண்டுவந்து குடியேற்றிய ராஜராஜன், ஆளுக்கொரு வீடும் ஆண்டுக்கு 100 கலம் நெல்லும் கொடுத்திருக்கிறான். அதைவிட முக்கியம், ஒவ்வொருத்தி பெயரும் இருக்கிறது. எந்தத் தெரு, அதில் எந்தச் சிறகு (எந்தப் பக்க வரிசை), தலைவீடா இரண்டாம் வீடா, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள் எல்லாம் வரிசையாக. பெயருக்கு முன்னால் 'நக்கன்' என்ற அடைமொழி. அவர்களோடு நட்டுவனார், மத்தளம் கொட்டுகிறவர், குடை பிடிக்கிறவர், தையல்காரர், கணக்கெழுதுகிறவர்வரை பங்கு உண்டு.

"திருவையாத்துல இருந்தும் வந்தாங்களா?" என்று கேட்டார்கள் அத்தை.

"நெறையப் பேருங்கத்தை."

"அப்ப அங்கிருந்து பாடறவங்களையும் ஆடறவங்களையும் அன்னிக்கே இங்க கூட்டிட்டு வந்துட்டாங்க" என்று சொல்லிவிட்டு முள்ளங்கியைத் துடைத்துக் கடிக்க ஆரம்பித்தார்கள்.

மூன்றாம் நாள் – 16.01.2025, வியாழன்

முதலில் ஒரு திருத்தம். நேற்று ராஜராஜன் வைத்த நந்தி என்று எழுதிவிட்டேன். தப்பு. இப்போது இருக்கும் பெரிய நந்தியும் மண்டபமும் நாயக்கர் காலத்தவை. விடுதி மேலாளர் காலையில் காப்பி கொடுத்துக்கொண்டே திருத்தினார். தஞ்சாவூரில் தடுக்கி விழுந்தால் ஒரு வரலாற்று ஆசிரியர் மேல்தான் விழ வேண்டும்.

காணும் பொங்கல். ஊரே கல்லணைக்குக் கிளம்பிவிட்டது. நாங்கள் போகவில்லை. எங்கள் பக்கம் இன்றைக்குப் பூப்பறிக்கிற நோம்பி. பெண்டுபிள்ளைகள் ஆவாரம்பூப் பறிக்கக் காட்டுக்குப் போகிற நாள். அத்தைக்கு அது நினைவுக்கு வந்துவிட்டது போல, பகல் முழுக்கப் பேச்சில்லை. தலையாட்டி பொம்மை ஒன்று வாங்கிக் கொடுத்தேன். ராஜா பொம்மை, அடி கனத்த களிமண் குண்டு, மேலே காகிதக்கூழ் உடம்பு. எப்படித் தள்ளினாலும் எழுந்து நிற்கும். அறையில் மேசைமேல் வைத்துத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நாலு மணிக்கு, "போய் எடத்தையாச்சும் பாத்துட்டு வந்தர்லாம்" என்றார்கள். சனிக்கிழமை கூட்டத்தில் தடுமாறக் கூடாதாம்.

தஞ்சாவூரிலிருந்து திருவையாறு பதின்மூன்று கிலோமீட்டர்தான். ஆனால் அந்தப் பதின்மூன்று கிலோமீட்டருக்குள் ஐந்து ஆறு தாண்ட வேண்டும். வடவாறு ஊர் எல்லையிலேயே வந்துவிடுகிறது. பிறகு வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, கடைசியாகக் காவிரி. அத்தை ஒவ்வொரு பாலத்துக்கும் ஒரு விரலை மடக்கினார்கள். நடுவில் சம்பா வயல், பழுத்துத் தலை சாய்ந்து. பவானிசாகர்த் தண்ணீருக்கு முறை வைத்து, வாய்க்காலுக்குக் காவல் கிடந்து வளர்ந்த குடும்பத்துப் பெண் அவர்கள். "அஞ்சு ஆறு! ஒரே ஊருக்கு!" என்று சொன்னபோது குரலில் கொஞ்சம் வயிற்றெரிச்சல் இருந்தது.

சமாதி காவிரியின் வடகரையில். பெரிய பந்தலில் கச்சேரி நடந்துகொண்டிருந்தது. ஆளுக்குக் கொஞ்ச நேரம்தான். ஒருவர் எழுவதற்குள் அடுத்தவர் சுருதி சேர்க்கிறார். பெரிய பெயர்களும் போன வருஷம் அரங்கேறிய பிள்ளைகளும் ஒரே வரிசை. யாருக்கும் சன்மானம் கிடையாது, கேட்கிறவர்களுக்கும் சீட்டு கிடையாது. மணலில் விரிப்பு, உட்காரலாம், படுக்கலாம், முறுக்கு தின்னலாம்.

தியாகராஜர் பிறந்தது 1767இல், திருவாரூரில். சித்தியானது 1847 ஜனவரி 6, இங்கே. அதற்குப் பிறகு பல காலம் இந்த இடம் கவனிப்பாரின்றிக் கிடந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆராதனை சூடு பிடித்தபோது பெரிய கட்சி, சின்னக் கட்சி என்று பாகவதர்கள் இரண்டாகப் பிரிந்துகொண்டார்கள். ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு கட்சிக்கும் ஒரே கருத்து: பெண்கள் சமாதி முன் பாடக்கூடாது.

பெங்களூரு நாகரத்தினம்மாள் இங்கே வந்தது 1920களில். தேவதாசி மரபில் வந்தவர், சென்னையில் கொடிகட்டிப் பறந்த பாடகி. இதே தஞ்சை மராட்டிய அரசவையில் இருந்த முத்துப்பழனி எழுதிய தெலுங்குக் காவியமான 'ராதிகா சாந்தவனமு'வை 1910இல் முழுதாகப் பதிப்பித்து, ஆபாசம் என்று அரசு தடை போட, அதற்கும் அஞ்சாதவர். தன் சேமிப்பையும் நகைகளையும் போட்டு இந்தச் சமாதியைக் கோயிலாகக் கட்டினார். கட்டிய கோயிலின் முன்னால் அவரே பாட முடியாது என்றார்கள். பெண்களைத் திரட்டிக்கொண்டு சமாதியின் பின்பக்கம் தனியாக ஒரு ஆராதனை நடத்தினார். அது மூன்றாவது கட்சியாயிற்று. 1940இல் கட்சிகள் ஒன்றான பிறகுதான் பெண்களுக்கு முன்பக்கம் இடம் கிடைத்தது. எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து பஞ்சரத்தினத்தைச் சேர்ந்து பாடுகிற வழக்கமும் அதன் பிறகு வந்ததே. நூற்றாண்டுப் பழக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

1952இல் இறந்த நாகரத்தினம்மாளுக்கும் இங்கேயே சமாதி. தியாகராஜர் சன்னிதியைப் பார்த்துக் கைகூப்பி உட்கார்ந்திருக்கும் சிலை. அத்தை அதன் எதிரில் நின்று கும்பிட்டார்கள். பிறகு பைக்குள் கைவிட்டு ஒரு கத்தரிக்காயை எடுத்தார்கள். "அத்தை!" என்று பதறினேன். "காயி அடில மாட்டிக்கிச்சு, கைக்குட்டை எடுக்கறேன்."

நான்காம் நாள் – 17.01.2025, வெள்ளி

வீணை செய்கிற பட்டறை ஒன்றைத் தேடிப் போனோம். பண்டிகை வாரம், பூட்டியிருக்கும் என்று நினைத்தது பொய். ஒருவர் மட்டும் வேலையில் இருந்தார். ஐம்பது வயதிருக்கும். ஆர்டர் ஒன்று நாளைக்கு மறுநாள் போக வேண்டுமாம்.

தஞ்சாவூர் வீணை பலாமரம். குடம், தண்டி, யாளி முகம் எல்லாம் ஒரே கட்டையில் குடைந்தால் ஏகாந்த வீணை. தனித்தனியாகச் செய்து சேர்த்தால் ஒட்டு வீணை. 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இதெல்லாம் எழுதிப் படிக்கிற சமாச்சாரம். நேரில் பார்க்க வேண்டியது மெட்டு வைக்கிற வேலை. மெட்டு என்றால் எந்தச் சுரத்துக்குத் தந்தியை எங்கே அழுத்துவது என்று காட்டும் குறுக்குப் பட்டை.

தேன்மெழுகில் கரித்தூள் கலந்து காய்ச்சிய கறுப்பு மெழுகு. தண்டியின் இரண்டு ஓரத்திலும் அதை வரப்பு மாதிரி எடுத்திருந்தார். அதன்மேல் வெண்கல மெட்டுகள், இருபத்துநாலு. ஒரு மெட்டை வைக்கிறார். தந்தியை அழுத்தி மீட்டுகிறார். தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்கிறார். சூடான கம்பியால் மெழுகைத் தொட்டு, மெட்டை நூலிழை அளவு குடத்துப் பக்கம் தள்ளுகிறார். மறுபடி மீட்டுகிறார். மறுபடி தள்ளுகிறார், இந்தத் தடவை எதிர்ப்பக்கம். சுருதி பார்க்கிற செயலி கைப்பேசியில் இருக்கிறதே என்று கேட்டேன், அசட்டுத்தனமாக. "இருக்கும்மா. எம் பையன் வச்சிருக்கான்" என்றார். கையை நிறுத்தவில்லை.

ஒரு மெட்டுக்குப் பத்து நிமிஷம் ஆனது. அத்தை திண்ணையில் உட்கார்ந்து கண்மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள், 'ம'வின் உயர்ந்த நிலையான பிரதி மத்தியமத்தில் வந்ததும் கண்ணைத் திறந்தார்கள்.

"இது வராளிக்குப் பத்தாதுங்களே."

அவர் நிமிர்ந்தார். முதல் தடவையாக அத்தையைச் சரியாகப் பார்த்தார். "பத்தாதும்மா. வராளி மத்தியமம் கூடுதல்ல? அதுக்கு மெட்ட மாத்த முடியாது. பஞ்சமத்தத் தொட்டுக்கிட்டு நிக்கும். தந்திய இழுத்துத்தான் புடிக்கணும்." இழுத்துப் பிடித்துக் காட்டினார். விரல் தந்தியைப் பக்கவாட்டில் தள்ள, சுரம் ஏறி ஓரிடத்தில் நின்று ஆடியது. "யாருகிட்டம்மா பாடம்?"

"ரேடியோல" என்றார்கள் அத்தை. அவர் சிரிக்கவில்லை. "நல்ல காது" என்று சொல்லிவிட்டு அடுத்த மெட்டை எடுத்தார்.

திரும்பி வரும்போது அத்தை ஆட்டோவில் முணுமுணுத்துக்கொண்டே வந்தார்கள். என்ன ராகம் என்று நான் கேட்கவில்லை.

ஐந்தாம் நாள் – 18.01.2025, சனி

மூன்றரைக்கு எழுந்து, நாலரைக்குப் பேருந்து. இருட்டில் பாலம் தெரியவில்லை. சக்கரச் சத்தம் மாறுவதை வைத்து அத்தை விரல் மடக்கிக்கொண்டு வந்தார்கள்.

விடிந்ததும் திருமஞ்சன வீதியில், தியாகராஜர் வாழ்ந்த வீட்டிலிருந்து உஞ்சவிருத்தி, அதாவது தெருவில் பாடிக்கொண்டே அரிசி வாங்கிப் போகிற ஊர்வலம், புறப்பட்டது. தம்பூரா, ஜாலரா, பாட்டு. கூடவே நடந்து சமாதிக்கு வந்தோம். பந்தலில் அதற்குள் கால் வைக்க இடமில்லை. சன்னிதிக்கு எதிரே நடுவில் வழி விட்டு, ஒரு பக்கம் ஆண்கள், மறுபக்கம் பெண்கள், எதிரெதிரே வரிசை வரிசையாக. பட்டுப்புடவை, வைரத்தோடு, நோட்டுப் புத்தகம். அத்தை சுங்கடிப் புடவையில் வந்திருந்தார்கள். பெண்கள் பக்கத்துக் கடைசி வரிசை அருகே போய்த் தயங்கி நின்றபோது முழங்கால் மடங்கியது போல இருந்தது எனக்கு. நானே திரும்பிப் போய்விடலாம் என்று நினைத்தேன். ஒரு அம்மா ஏறிட்டுப் பார்த்து, "பாடுவீங்களா?" என்றார். அத்தை தலையாட்டினார்கள். அந்தம்மா பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு நகர்ந்தார். ஒரு முழம் இடம். அவ்வளவுதான் நடந்தது. பாடத் தெரியாத நான் பின்னால் கம்புத் தடுப்பருகே நின்றுகொண்டேன்.

ஒன்பது மணி வாக்கில் புல்லாங்குழல்கள் பைரவியில் 'சேதுலாரா' வாசித்தன. பிறகு நாட்டை. நூற்றுக்கணக்கான தொண்டைகள் ஒரே நேரத்தில் 'ஜகதானந்தகாரக' எடுத்தபோது அழகாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். சுருதி அங்கங்கே இழுபறி. ஒலிபெருக்கி முன்வரிசையை மட்டும் பிடித்தது. மிருதங்கங்கள் பத்துக்கு மேல், வயலின்கள் எண்ண முடியவில்லை. வீட்டில் ரேடியோவில் கேட்பது இதைவிடத் துல்லியம். ஆனால் ரேடியோவில் தரை அதிராது.

தலைகளுக்கு நடுவே அத்தையின் வலது கை மட்டும் தெரிந்தது. தொடைமேல் ஆதி தாளம். கௌளை, ஆரபி எல்லாவற்றுக்கும் அந்தக் கை நிதானமாக விழுந்து எழுந்தது. பக்கத்து அம்மா நோட்டை நடுவில் வைத்துக் காட்டினார். அத்தை பார்க்கவில்லை.

வராளி. 'கனகனருசிரா' தொடங்கியதும் கை நின்றது. மறந்துவிட்டார்களோ என்று எம்பிப் பார்த்தேன். வாய் அசைந்துகொண்டிருந்தது. தாளம் போடாமல் இரண்டு கையையும் மடியில் வைத்து நேராக நிமிர்ந்து பாடிக்கொண்டிருந்தார்கள். சமையல்கட்டில் நின்று கேட்டுப் பழகிய பாட்டுக்குக் கை தாளம் போட்டுப் பழகியிருக்காது என்று பிறகுதான் புரிந்தது.

'எந்தரோ மகானுபாவுலு' முடிந்து, தீபாராதனை ஆகி, கூட்டம் கலைய ஒரு மணி நேரம். அத்தையின் ஒரு செருப்பு காணவில்லை. வெறுங்காலோடு கடைத்தெருவரை நடந்து, எழுபது ரூபாய்க்கு ரப்பர் செருப்பு வாங்கி, கூடவே அரைக்கிலோ அசோகா. பாசிப்பருப்பும் நெய்யுமாக இந்த ஊருக்கே உரிய இனிப்பு. பொட்டலம் கையைச் சுட்டது.

பேருந்தில் ஜன்னல் ஓரம் கிடைத்தது. காவிரிப் பாலம் வரைக்கும் ஒன்றும் பேசவில்லை. எப்படி இருந்தது என்று கேட்கவும் எனக்குத் துணிவில்லை. குடமுருட்டி தாண்டும்போது அவர்களே திரும்பினார்கள்.

"பக்கத்துல உக்காந்திருந்தாளே கண்ணு, நல்ல பொண்ணுதான். எடம் கொடுத்தா. ஆனா ஆரபில ஒரு சரணத்தையே முழுங்கிட்டா. நோட்டைப் பாத்துட்டே முழுங்கறா! அடுத்த வருசம் சொல்லித் தர்றேன்னு சொல்லிட்டு வந்திருக்கறேன். போன் நம்பர் வாங்கிட்டேன்."

கத்தரிக்காய் இன்னும் பையில் இருக்கிறது. ஒன்று மட்டும் கறுத்துவிட்டது.